லட்சம் கிலோமீட்டர் ரத்தக்குழாய்

மனித உடலின் ரத்தக்குழாய்களை வரிசையாகக் கோத்தால் 1 லட்சம் கி.மீ. வரும், பூமியை இரண்டரை முறை சுற்றலாம் என்கிறார்கள். அதாவது, சென்னை இரும்புலியூரில் ஜிஎஸ்டி சாலையைப் பிடித்துக் கன்னியாகுமரிக்கு எழுபது தடவை போய்வரும் தூரம்.

யார் அளந்தார்கள்? யாரும் அளக்கவில்லை.

ஒன்று: இது 1920இல் நோபல் பெற்ற டென்மார்க் விஞ்ஞானி ஆகஸ்ட் குரோக் தந்துகிகள் (மிக நுண்ணிய ரத்தக்குழாய்கள்) பற்றிய தம் 1922ஆம் ஆண்டு நூலில் போட்ட பெருக்கல் கணக்கு. தசை 50 கிலோ என வைத்துக்கொண்டார். சதுர மில்லிமீட்டருக்கு 2,000 தந்துகிகள் என வைத்துக்கொண்டார். வைத்துக்கொண்டதுதான், எடை போட்டதல்ல.

இரண்டு: 50 கிலோ தசை யாருக்கு இருக்கிறது? 70 கிலோ ஆணுக்கு 30 கிலோவை ஒட்டித்தான் இருக்கும். பயில்வான்களை வைத்தா ஊருக்குச் சராசரி சொல்வது?

மூன்று: அவர் தந்துகிகளை எண்ணியது குதிரை, நாய் போன்றவற்றின் தசையில். மனிதத் தசைத் துணுக்குகளில் பின்னாளில் எண்ணியபோது கிடைத்தது பெரும்பாலும் 300 முதல் 400. அதே பெருக்கலை 30 கிலோ, 350 என்று போட்டுப் பாருங்கள்: சுமார் 10,500 கி.மீ.

நான்கு: குரோக் பேசியது தசைத் தந்துகிகளை மட்டும். அதை ‘உடலின் எல்லா ரத்தக்குழாய்களும்’ என்று நீட்டியவர்கள் பின்னால் வந்தவர்கள். முழு உடலுக்குமே 2021இன் மறுகணக்கு தருவது 9,000 முதல் 19,000 கி.மீ.தான்.