சித்திரை மாதமும் எமது சிறாரின் படப்புத்தகமும்

முன்பள்ளிச் சிறாருக்கென வெளிநாடுகளிலிருந்து அன்பளிப்பாக வரும் உயிர்த்த ஞாயிறுப் படப்புத்தகங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பனி உருகுகிறது, செம்மறிக் குட்டி துள்ளுகிறது, முயலொன்று வர்ணம் தீட்டிய முட்டைகளைப் புல்லுக்குள் ஒளித்து வைக்கிறது. அழகான புத்தகங்கள்தாம். ஆயினும் எமது மூன்று வயதுப் பிள்ளைக்கு முதலில் காட்டவேண்டிய வசந்தம் அதுதானா?

அந்த மண்ணில் அப்படங்களுக்குப் பொருள் உண்டு. குளிர்காலத்தில் முட்டையிடுவது குறைந்துபோன கோழிகள், பகல் நீளும்போது மீண்டும் இடத் தொடங்கும். முற்காலத்தில் தவக்காலத்தில் முட்டை உண்பது விலக்கப்பட்டிருந்தது. சேர்ந்த முட்டைகள் பண்டிகைக்கு உதவின. முட்டை கொண்டுவரும் முயலின் கதை 1682ஆம் ஆண்டிலேயே ஜேர்மனியில் எழுத்தில் வந்துவிட்டது. ஆக, அம்மக்கள் தமது கோழிக்கூட்டையும் புல்வெளியையும் பார்த்தே தம் பிள்ளைகளுக்குக் கதை சொன்னார்கள். நாமும் அவ்வாறே செய்யலாம்.

எமது வாவிக் கரையில் பங்குனியும் சித்திரையும் வேறு முகம் காட்டுகின்றன. பெரும்போக வெள்ளாமை வெட்டி முடிந்த வயலில் மாடுகள் மேய்கின்றன. உன்னிச்சை, நவகிரிக் குளங்களின் நீரை நம்பிச் சிறுபோக விதைப்பு நடக்கிறது. கொன்றை பூக்கிறது, குயில் கூவுகிறது. புதுவருடத்திற்கு மருத்துநீர், கைவிசேடம், ஊஞ்சல். முயல்கூட எமக்கு உண்டு: பூரணை நிலவில் இருக்கும் முயலைக் காட்டித்தானே பிள்ளைக்குச் சோறூட்டுகிறோம்! மார்ச் 21இலோ அதன் பின்னரோ வரும் அந்தப் பூரணைக்கு அடுத்த ஞாயிறே உயிர்த்த ஞாயிறு. ஒரே முன்பள்ளியில் அமர்ந்திருக்கும் சைவப் பிள்ளைக்கும் கிறிஸ்தவப் பிள்ளைக்கும் ஒரே புத்தகம் போதும்.

இது வெறும் ரசனை பற்றிய பேச்சன்று. 2006, 2007ஆம் ஆண்டுகளில் வாகரையிலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் இடம்பெயர்ந்தபோது கூடாரங்களில் பிறந்த பிள்ளைகள் இன்று பெரியவர்களாகிவிட்டார்கள். பலர் ஊர் திரும்பினர். போன இடத்திலேயே தங்கிவிட்டவர்களும் உண்டு. அத்தகைய வீட்டில் வளரும் குழந்தைக்கு வட்டை, வரம்பு, பரண் என்பவை அப்பப்பாவின் வாயிலிருந்து வரும் சொற்கள் மட்டுமே. கண்ணால் காணாத வயலின் மேல் பிள்ளைக்குப் பற்று எப்படி வரும்? பற்று இல்லாத காணிக்காக நாளை யார் வாதாடுவார்?

இன்னொன்றையும் மறைக்க முடியாது. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தபோது மாண்டவர்களில் ஞாயிறு பாடசாலைச் சிறாரும் இருந்தனர். அந்த நாளின் பெயரைக் கேட்டாலே நெஞ்சு பதைக்கும் தாய்மார் எம்மிடையே உள்ளனர். சின்னஞ்சிறு பிள்ளையின் புத்தகத்தில் குண்டு வேண்டாம். ஆனால் அந்த ஞாயிறு பிள்ளைகளுக்கும் உரிய நாள், விடியற்காலையில் அம்மாவின் கையைப் பிடித்து நடக்கும் நாள், என்பதை ஒரு படமாவது சொல்லட்டும்.

காலிக்கு அருகே கிந்தோட்டையில் பிறந்த சிபில் வெத்தசிங்க, தாம் அறிந்த சிங்களக் கிராமத்தை வரைந்தே 1956இல் ‘குடைத் திருடன்’ கதையைத் தந்தார். அது பல மொழிகளுக்குச் சென்றது. தன் ஊரை வரைந்ததால் அவர் குறுகிப்போகவில்லை.

எமக்கு அச்சகம் தேவையில்லை. தடித்த அட்டையில் எட்டுப் பக்கங்கள், பக்கத்துக்கு ஒரு பெரிய படம், வீட்டில் பேசும் தமிழில் ஒரு வரி, ஊசி நூலால் ஒரு தையல். விட்டு வந்த வயல் எப்படி இருந்தது என்பதை அப்பப்பாவும் அம்மம்மாவும் சொல்லட்டும். கை வந்தவர்கள் வரையட்டும். முன்பள்ளி ஆசிரியை எழுதட்டும். குளத்துக்கும் கோயிலுக்கும் தேவாலயத்துக்கும் உண்மைப் பெயரையே இடுங்கள். வந்த புத்தகங்களை எறிந்துவிட வேண்டாம். அவை இரண்டாவதாக வாசிக்கப்படட்டும்.

காணி உறுதியைப் பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிறோம். அதே காணியைப் பிள்ளையின் மடியிலும் வைப்போம். அடுத்த பங்குனிக்குள் முன்பள்ளிக்கு ஒரு புத்தகமேனும் தைத்து முடிப்போமாக.