பதினெட்டு வயதில் கரையேறிவிடாதீர்கள்

வடக்குத்து வட்டாரத்தில் கிணற்றிலும் ஏரியிலும் தாமாகவே நீச்சல் பழகிய பிள்ளைகள் ஏராளம். அவர்களில் சிலர் பள்ளிப் போட்டிகளிலும் வெல்கிறார்கள். பிளஸ் டூ முடிந்ததும் பெரும்பாலோர் நீச்சலை விட்டுவிடுகிறார்கள். உடலில் வலு கூடும் வயதில் ஏன் இப்படி?

கிணற்று நீச்சல் வேறு, போட்டி நீச்சல் வேறு. 50 மீட்டர் குளத்தில் பாய்வதும், சுவரை உதைத்துத் திரும்புவதும், மூச்சை அளந்து விடுவதும் பயிற்சியாளரின் கண்பார்வையில் அன்றாடம் பழகினால்தான் கைவரும். கூலி வேலைக்குப் போகும் குடும்பத்தில், பதினெட்டு வயதுப் பிள்ளை பயிற்சிக்குப் போனால் ஒரு நாள் சம்பளம் போய்விடும். பேருந்துச் செலவும் குளத்துக் கட்டணமும் தனி.

1994இல் ஒரே ஆண்டில் ஆறு நீரிணைகளைக் கடந்து, மிகிர் சென்னின் 1966ஆம் ஆண்டுச் சாதனையை முறியடித்தவர் தமிழ்நாட்டுச் சிறுவன் குற்றாலீஸ்வரன். அர்ஜுனா விருதும் பெற்றார். ஆனால் பொருளுதவி இல்லாமல் இளம் வயதிலேயே போட்டி நீச்சலை விட்டார். நாடே கொண்டாடியவருக்கே இந்த நிலை என்றால், சேரிப் பிள்ளைக்கு யார் துணை?

நமக்குத் தண்ணீர் என்றுமே வெறும் விளையாட்டாக இருந்ததில்லை. பொதுக்குளத்து நீரை அள்ளிக் குடிக்கவே 1927இல் மகாத்தில் அம்பேத்கர் போராட வேண்டியிருந்தது. கிணறு, குளம், படித்துறை எதிலும் சாதியின் பேரால் யாரையும் தடுக்கக்கூடாது என அரசமைப்புச் சட்டத்தின் 15(2) பிரிவு பெயர் சொல்லியே கூறுகிறது. அமெரிக்காவிலும் கறுப்பின மக்களுக்கு நீச்சல் குளங்கள் மூடிக்கிடந்த காலம் உண்டு. அதே நாட்டின் சிமோன் மேனுவல் 2016 ரியோ ஒலிம்பிக்கில் 100 மீட்டர் பிரீஸ்டைலில் தங்கம் வென்றார். அப்போது அவர் இருபது வயதுக் கல்லூரி மாணவி. கல்லூரி அணி அவரைத் தண்ணீரிலேயே வைத்திருந்தது.

நமக்கும் அப்படியோர் ஏற்பாடு வேண்டும். சுரங்கத்துக்காக நிலத்தடி நீரை இரவு பகலாக இறைக்கும் ஊர் இது. பெரிய நிறுவனங்கள் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்கிறது 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டம். அந்த நிதியிலிருந்து சுற்றுக் கிராமங்களின் 18 முதல் 25 வயது வரையுள்ள பட்டியலின, பழங்குடி இளைஞர்களுக்குக் கட்டணமில்லாத மாலைப் பயிற்சியும் பயணப்படியும் தர என்.எல்.சி. முன்வர வேண்டும். விளையாட்டு மேம்பாட்டு ஆணையமும் கல்லூரிகளும் கைகோர்க்க வேண்டும். ஊராட்சிகள் கிராமசபையில் இதைத் தீர்மானமாக்கலாம்.

மாணவர்களே, போட்டிச் சான்றிதழ்களைப் பத்திரப்படுத்துங்கள். தமிழ்நாடு அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு. கல்லூரியில் சேர்ந்ததும் உடற்கல்வி இயக்குநரைப் பார்த்து, பல்கலைக்கழகப் போட்டிக்குப் பெயர் கொடுங்கள். பதக்கம் கிடைக்காவிட்டாலும் பயிற்சியாளராக, நடுவராக, உயிர்காப்பாளராகத் தொடரலாம்.

2022 ஜூனில் நம் கடலூர் மாவட்டத்திலேயே கெடிலம் ஆற்றுத் தடுப்பணையில் ஏழு பெண்கள் மூழ்கி இறந்தார்கள். அவர்களில் சிறுமிகளும் உண்டு. முறையாக நீந்தத் தெரிந்த ஓர் அக்கா தெருவில் இருந்தால், அந்தத் தெருப் பெண் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் அவர் நீச்சல் சொல்லித்தர முடியும். அந்த அக்காவைப் பதினெட்டு வயதில் கரையேற்றிவிட்டு நாம் இழப்பது பதக்கத்தை மட்டுமல்ல.