கருப்பைக்கும் காவல் வேண்டும்

கருவில் வளரும் குழந்தைக்குத் தாயின் வயிற்றைப் போலப் பாதுகாப்பான இடம் வேறெதுவுமில்லை என்றே நாம் காலங்காலமாக நம்பி வந்திருக்கிறோம். சாதாரண மக்கள் மட்டுமன்றி, வைத்திய அறிஞரும் சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பெரும்பாலும் அவ்வாறே எண்ணினர். சத்தை உள்ளே விட்டு, தீயவற்றைத் தடுத்து நிறுத்தும் அரணாக நஞ்சுக்கொடி அமைந்திருக்கிறது என்பது அவர்கள் கொள்கை. அக்கொள்கை முழுவதும் மெய்யன்று என்பதை உலகுக்கு உணர்த்தியது யப்பானிலுள்ள ஒரு சிறு கடற்கரை ஊர். அதன் பெயர் மினமாட்டா.

கியூசு தீவிலுள்ள அவ்வூரில் சிசோ என்னும் கம்பனியின் இரசாயனத் தொழிற்சாலை இருந்தது. அங்கே 1932 முதல் 1968 வரை அசற்றல்டிகைட்டு என்ற பொருளை உற்பத்தி செய்வதற்குப் பாதரசச் சேர்வை ஒன்றை ஊக்கியாகப் பயன்படுத்தினர். அப்போது உண்டான மெதயில் இரசம் என்ற கொடிய நஞ்சு கழிவுநீரோடு கடலிற் கலந்தது. கடலின் நுண்ணுயிர்களிலிருந்து சிறு மீனுக்கும், சிறு மீனிலிருந்து பெரு மீனுக்கும் அது ஏறியது. ஏற ஏறச் செறிவும் மிகுந்தது. முதலில் மீனைத் தின்ற பூனைகள் தள்ளாடி, வலிப்புற்று மாண்டன. பின்பு மனிதருக்குக் கைகால் மரத்தது, பேச்சுக் குழறியது, பார்வை சுருங்கியது. 1956ஆம் ஆண்டு மே மாதம் முதலாந் திகதி இந்நோய் உத்தியோக பூர்வமாக அறிவிக்கப்பட்டது. தொற்றுநோயோ என அஞ்சி, அயலவர் நோயாளர் வீடுகளை ஒதுக்கினர்.

இதே காலத்தில் அவ்வூரிற் பிறந்த குழந்தைகள் பலருக்குக் கழுத்து நிற்கவில்லை. நடையும் பேச்சும் வரவில்லை. பிறவி மூளைவாதம் என்று வைத்தியர்கள் கூறினர். மீனே உண்ணாத பச்சைக் குழந்தைக்கு மீனால் வந்த நோய் எவ்வாறு உண்டாகும் என்பது அவர்கள் கேள்வி. 1961ஆம் ஆண்டில் மசசுமி அரடா என்னும் இளம் வைத்தியர் அங்கே ஒரு வீட்டிற் சகோதரர் இருவரைக் கண்டார். இருவருக்கும் நோய்க்குறிகள் ஒன்றே. ஆனால், மூத்தவனுக்கே மினமாட்டா நோய் என்றும், மீன் உண்ணாத இளையவனுக்கு அது அன்று என்றும் வைத்தியர்கள் தீர்ப்பளித்திருந்தனர். தாய் அதனை ஏற்கவில்லை. கருவுற்றிருந்தபோது தான் உண்ட மீனின் நஞ்சே வயிற்றுப் பிள்ளையைச் சேர்ந்தது என்று அவள் உறுதியாகக் கூறினாள்.

படித்தவர்கள் காணாத உண்மையை அந்தத் தாய் கண்டிருந்தாள். இறந்துபோன குழந்தைகள் இருவரின் உடல்களைப் பரிசோதித்த பின்னர், 1962இற் பதினாறு குழந்தைகள் கருவிலேயே இந்நோய்க்கு ஆளானவர்கள் என ஏற்றுக்கொள்ளப்பட்டனர். மெதயில் இரசம் உடலுக்கு வேண்டிய அமினோவமிலம் ஒன்றைப்போல வேடமிட்டு நஞ்சுக்கொடியைக் கடக்கிறது. தாயின் இரத்தத்திலும் பார்க்கக் குழந்தையின் இரத்தத்திலேயே அது மிகுதியாகச் சேர்கிறது. ஆகவேதான் தாய் ஓரளவு நலமாக நடமாட, பிள்ளையின் வளரும் மூளை சிதைந்தது. பிறந்த குழந்தையின் தொப்புட்கொடியை உலர்த்திச் சிறு பெட்டியிற் பேணுவது யப்பானியர் வழக்கம். அவ்வாறு பேணிய கொடிகளை அரடா பின்னாளிற் சேகரித்தார். அவற்றைச் சோதித்தபோது, அந்த நஞ்சு பல ஆண்டுகளின் பின்னும் அவற்றிற் காணப்பட்டது.

நம் சமுதாயத்திற் குறையுடன் ஒரு குழந்தை பிறந்தால், முதலிற் குற்றஞ் சாட்டப்படுபவள் யார்? எதைத் தின்றாளோ, கிரகணத்தன்று வெளியே போனாளோ என்று தாயையே கேட்கிறோம். மினமாட்டாத் தாய்மார் செய்த குற்றம் என்ன? தங்கள் ஊர்க்கடல் தந்த மீனை உண்டார்கள்; அவ்வளவே. மறுபுறம், அத்தொழிற்சாலையின் வைத்தியரான ஒசொகாவா, அதன் கழிவைப் பூனைக்கு ஊட்டி, 1959இலேயே நோயின் காரணத்தைக் கண்டார். நிருவாகம் அதனை வெளியே விடவில்லை. கழிவு மேலும் பல ஆண்டுகள் கடலிற் கலந்தது. தன் நஞ்சையெல்லாம் தான் வாங்கிக்கொண்டு தாயையும் தம்பி தங்கையரையும் காத்த செல்வம் என்று நோயுற்ற மகளைப் போற்றினாள் ஒரு தாய். அவளுடைய அன்பை வணங்குவோம். ஆயினும், கருவிலுள்ள குழந்தை தாய்க்குக் கவசமாகும் நிலை எந்நாட்டிலும் வரலாகாது.

இதனைப் படித்துவிட்டு மீனையே வெறுத்தல் வேண்டா. கருவுற்ற தாய்க்கு மீன் நல்ல உணவு. சூடை, சாளை, நெத்தலி போன்ற சிறு மீன்களில் இரசம் மிகக் குறைவு. பல்லாண்டு வாழ்ந்து பிற மீன்களைத் தின்று வளரும் பெருஞ் சுறாவையும் தளபத்தையும் கருவுற்ற காலத்திலும் பாலூட்டும் காலத்திலும் விலக்குதல் நன்று. பால் சுரக்கும் என்று சுறாவைச் சமைத்துக் கொடுக்கும் நம் பாட்டிமார் இதனை மனங்கொள்வாராக. முகத்தை வெளுப்பாக்கும் களிம்புகள் சிலவற்றிலும் இரசம் உண்டு. அவற்றைக் கருவுற்ற பெண்கள் தொடவே கூடாது.

ஆனால், சந்தையில் மீனைத் தெரிந்தெடுப்பது தாயின் கையில் இருக்கலாம். கடலைத் தூய்மையாக வைத்திருப்பது அவள் ஒருத்தியின் கையில் இல்லை. இரசத்தைக் கட்டுப்படுத்த 2013இல் உலக நாடுகள் செய்துகொண்ட உடன்படிக்கை மினமாட்டாவின் பெயரையே தாங்கி, 2017 முதல் நடைமுறையில் இருக்கிறது. நாளை தொழிற்சாலைகளையும் ஆய்வுகூடங்களையும் நடத்தப்போகும் மாணவர்களே, வாய்க்காலிற் கழிவைத் திறந்துவிடும்போது அது எந்த வீட்டு அடுக்களைக்குச் செல்லும் என்று ஒருகணம் எண்ணுங்கள். அந்த அடுக்களையில் ஒரு தாய் இருவருக்காக உண்டுகொண்டிருப்பாள்.