போன்களை நித்திரை கொள்ள விடுங்கோ

"சார்ஜ் நிக்குதில்லையா? வைஃபையை ஓஃப் பண்ணி வை." இந்த அறிவுரையைக் கேட்டுக் கேட்டு எங்களுக்குக் காது புளிச்சுப்போச்சு. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டைப் பார்த்த தலைமுறை நாங்கள். சார்ஜின் அருமையை எங்களுக்கு ஆரும் படிப்பிக்கத் தேவையில்லை. ஆனால் பழியை எப்பவும் பாவிக்கிறவனின் தலையில் போடுவதை ஏற்க ஏலாது.

வைஃபைக்கு நித்திரை கொள்ளத் தெரியும். 1997இல் வந்த முதல் தர நியமத்திலேயே அதற்கு வழி இருக்கிறது. போன் "நான் படுக்கப்போறன்" என்று ரவுட்டருக்குச் சொல்லும். வருகிற தரவை ரவுட்டர் பிடித்து வைத்திருக்கும். செக்கனுக்குப் பத்துத் தடவையளவில் ரவுட்டர் விடும் சமிக்ஞையில், ஆருக்குத் தரவு காத்திருக்கு என்ற பட்டியலும் இருக்கும். போன் இடைக்கிடை கண் விழித்துப் பார்த்து, தன் முறை இல்லையென்றால் திரும்பப் படுத்துவிடும். வைஃபை 6இல் எப்போது எழும்புவது என்று போனும் ரவுட்டரும் முன்கூட்டியே பேசி முடிவெடுக்கவும் முடியும்.

அப்படியென்றால் நித்திரையைக் குழப்புவது ஆர்?

முதலாவது, அப்கள். நாங்கள் தொடாமலே பின்னுக்கு நின்று விளம்பரத்துக்கும் வேவுக்கும் போனைத் தட்டி எழுப்புகின்றன.

இரண்டாவது, வலையமைப்பை அமைத்தவர்கள். நூற்றுக்கணக்கான போன்களை ஒரே வலையமைப்பில் அடைத்துவிட்டால், "இந்த முகவரி ஆருடையது?" என்று ஒரு லப்டொப் எல்லாரிடமும் கேட்கும் கேள்விக்கு, படுத்திருக்கிற அத்தனை போனும் எழும்ப வேணும். விடுதியில் ஒருத்தருக்கு வந்த கடிதத்துக்கு எல்லா அறைக் கதவையும் தட்டுகிற மாதிரி. கொரிடோர் மூலையில் ஒரேயொரு ரவுட்டர் என்றால் இன்னும் மோசம். சிக்னல் குறைய வேகம் குறையும், அனுப்பினதையே திருப்பி அனுப்ப வேண்டிவரும், போன் விழித்திருக்கும் நேரம் கூடும்.

வைஃபை இல்லாத இடத்தில் அதை ஓஃப் பண்ணுவது சரிதான். இருக்கிற இடத்தில் ஓஃப் பண்ணினால் மொபைல் டேட்டாவுக்குத்தான் போக வேணும். சிக்னல் குறைந்த இடத்தில் அது பற்றரியை இன்னும் வேகமாகக் குடிக்கும். காசும் எங்கள் பொக்கற்றிலிருந்துதான் போகும்.

ஆகவே அறிவுரை வேண்டாம், வேலையைச் செய்யுங்கோ. பெரிய வலையமைப்பைப் பிரியுங்கோ. முகவரிக் கேள்விக்கு ரவுட்டரே பதில் சொல்லுகிற வசதியைப் போட்டுவிடுங்கோ. புதுக் கருவி வாங்கேக்க விலையோடு இதையும் பாருங்கோ. எங்கட போன்கள் படுக்கத் தயார், நீங்கள் கதவைத் தட்டாமல் இருந்தால் சரி.