கடைசியாகத் தொட்டவன்தான் குற்றவாளியா?

"அதிகமாகச் சாவி கொடுத்துக் கெடுத்துவிட்டாயே!"

படிவம் 1 படித்தபோது அம்மாவிடம் நான் வாங்கிய திட்டு இது. தாத்தா தமிழ்நாட்டுக்குப் போய்வந்தபோது வாங்கிய எச்.எம்.டி. ஜனதா கைக்கடிகாரம் என் கையில் நின்றுபோனது. கடைசியாகச் சாவி கொடுத்தவன் நான். தீர்ப்புச் சொல்ல அதுவே போதுமானதாக இருந்தது.

இருபது ஆண்டுகளுக்கு மேல் டெங்கிலில் எங்கள் வீட்டு அலமாரியில் கிடந்த அதை, அண்மையில் கிள்ளானில் ஒரு கடிகாரக் கடைக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த பெரியவர் அதைத் திறப்பதற்கு முன்பே, சாவி கொடுக்கும் குமிழை மெல்லத் திருப்பிப் பார்த்தார். "இறுக்கமா இருக்கு தம்பி. ஸ்பிரிங் உடையல. எண்ணெய் காஞ்சிருக்கும்" என்றார்.

எப்படிச் சொன்னார்? குமிழைத் திருப்பும்போது உள்ளே ஓர் எஃகுச் சுருள்வில் முறுக்கப்படுகிறது. நம் விரல் செய்த வேலை அதில் நிலைச்சக்தியாகச் சேர்கிறது. அது பின்னோக்கி அவிழாமல் ஒரு சிறு கொக்கி தடுக்கிறது. வில் உடைந்திருந்தால் குமிழ் இறுகாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். கொக்கி கெட்டிருந்தால் விரலை எடுத்ததும் குமிழ் பின்னால் ஓடும். நன்றாக இறுகியும் முள் நகரவில்லை என்றால், சக்தி உள்ளே இருக்கிறது. அது முள்ளுக்குப் போகும் வழியில்தான் தடை. காய்ந்த எண்ணெயும் தூசும் பற்சக்கரங்களில் உராய்வைக் கூட்டிவிட்டன.

இறுகிய பிறகும் வலுக்கட்டாயமாகத் திருகினால் உடையலாம் என்பது உண்மைதான். ஆனால் உடைந்திருந்தால் குமிழ் இறுகியிருக்காதே! என் மீதான பழியை நீக்கும் சான்று அன்றே எங்கள் கையில் இருந்தது. யாரும் சோதித்துப் பார்க்கவில்லை.

கழற்றிச் சுத்தம் செய்து, புதிய எண்ணெய் இட்டதும் கடிகாரம் ஓடியது. ஒரு பாகத்தைக்கூட மாற்றவில்லை. அதுவும் நல்லதாயிற்று. 1961இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு இணைந்து பெங்களூரில் கடிகாரம் செய்யத் தொடங்கியது எச்.எம்.டி. அதன் கடிகாரப் பிரிவை மூட 2016இல் இந்திய அரசு ஒப்புதல் அளித்துவிட்டது.

இன்று மலிவான பேட்டரிக் கடிகாரமே இதைவிடத் துல்லியமாக நேரம் காட்டும். பிறகு ஏன் பழுதுபார்க்க வேண்டும் எனக் கேட்கலாம். பழுதுபார்ப்பது, காரணம் தேடக் கற்றுத் தருகிறது என்பதே என் பதில்.

மாணவர்களே, ஆய்வுக்கூடத்தில் ஒரு கருவி நின்றால் "யார் தொட்டது?" என்று கேட்காதீர்கள். "சக்தி எதுவரை வருகிறது, எங்கே நிற்கிறது?" என்று கேளுங்கள். வீட்டுக் கடிகாரத்தை நீங்களே திறந்துவிட வேண்டாம். முறுக்கிய வில் தெறிக்கும். பழுதுபார்ப்பவரிடம் அனுமதி கேட்டு, அருகிலிருந்து பாருங்கள்.

ஓடும் கடிகாரத்தை அம்மாவிடம் காட்டி நடந்ததைச் சொன்னேன். "அப்போ நீ கெடுக்கலையா?" என்றார்.