முரண்பாடு வேறு, மோசடி வேறு



தொழிலாளர் துறையினர் கடைவீதியில் ஆய்வு நடத்தினால் சில நாட்களில் ஒரு செய்திக் குறிப்பு வெளியாகும். இத்தனை கடைகள் ஆய்வு செய்யப்பட்டன, இத்தனை கடைகளில் முரண்பாடுகள் கண்டறியப்பட்டன என்று அதில் இருக்கும். மறுநாள் அதே எண்ணிக்கை 'எடை மோசடி' என்ற தலைப்போடு டீக்கடை பெஞ்சு வரை வந்து சேர்ந்துவிடும். முரண்பாடு என்ற சொல் எந்த இடத்தில் மோசடி என்று மாறியது என யாரும் கேட்பதில்லை. அந்தக் கேள்வியை நாம் கேட்டாக வேண்டும்.

நம் உறுப்பினர் ஒருவருக்கு நேர்ந்ததைச் சொல்கிறோம். முப்பது ஆண்டுகளாக ஒரே இடத்தில் மளிகைக் கடை நடத்துபவர். ஆய்வுக்கு வந்தவர்கள் அவருடைய மின்னணுத் தராசில் சோதனைக் கற்களை வைத்துப் பார்த்தார்கள். எடை சரியாகவே இருந்தது. ஆனால் மறுமுத்திரைக்கு உரிய தேதி கடந்து பதினொரு நாட்கள் ஆகியிருந்தன. வழக்கு எழுதினார்கள், கட்ட வேண்டியதை அவரும் கட்டினார். தவறு தம்முடையது என்பதை அவர் மறுக்கவில்லை. ஆனால் வெளியான பட்டியலில் அவரது கடையும், தராசுத் தட்டின் அடியில் காந்தம் வைத்திருந்த வேறொரு கடையும் ஒரே எண்ணிக்கைக்குள் அடங்கிவிட்டன. மறுநாள் காலையில் நெடுநாள் வாடிக்கையாளரான ஓர் அம்மாள், "அண்ணாச்சி, நீங்களுமா?" என்று கேட்டாராம். கட்டிய பணத்தைப் பற்றி அவர் நம்மிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த ஒரு கேள்வியைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்.

சட்டம் இந்த இரண்டையும் ஒன்றாகப் பார்க்கவில்லை என்பதை முதலில் கவனிக்க வேண்டும். 2009ஆம் ஆண்டு சட்டமுறை எடையளவுச் சட்டத்தில் குறைந்த எடை போட்டு விற்பதற்கு 30ஆம் பிரிவு இருக்கிறது. முத்திரையிடாத தராசைப் பயன்படுத்துவதற்கு 33ஆம் பிரிவு தனியே இருக்கிறது. பொட்டலத்தின்மேல் இருக்க வேண்டிய விவரங்கள் இல்லாமல் போனால் அதற்கு 36ஆம் பிரிவு. இப்படித் தனித்தனியாகப் பிரித்து எழுதிய சட்டத்தை நடைமுறைப்படுத்தும்போது, கணக்கை மட்டும் ஒரே மூட்டையாகக் கட்டி வெளியிடுவது என்ன நியாயம்?

பொட்டல விவகாரத்தையே எடுத்துக்கொள்வோம். துவரம் பருப்பை வாடிக்கையாளர் கண்ணெதிரே நிறுத்துக் கட்டிக் கொடுத்தால் ஒன்றும் இல்லை. மாலைக் கூட்டத்தைச் சமாளிக்க மதியமே அரைக் கிலோ கவர்களாகக் கட்டி வைத்தால், அது சட்டப்படி பொட்டலப் பொருள். கட்டியவர் பெயர், முகவரி, நிகர எடை, மாதம், ஆண்டு, அதிகபட்ச விலை எல்லாம் அதில் இருக்க வேண்டும். கவருக்குள் பருப்பு அரைக் கிலோவுக்கு ஒரு கிராம் குறையாமல் இருக்கலாம். ஆனாலும் அச்சு இல்லையென்றால் அது குற்றம். அந்தக் குற்றத்தை அந்தப் பெயரிலேயே எழுதட்டும். அதற்கு எடை மோசடி என்று பெயர் சூட்ட வேண்டாம் என்றுதான் சொல்கிறோம்.

உணவுப் பாதுகாப்புத் துறையின் கணக்கைப் பாருங்கள். 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மாதிரி எடுத்துச் சோதித்தபின் பாதுகாப்பற்றது, தரம் குறைந்தது, விவரச்சீட்டுக் குறைபாடு உள்ளது என்று முடிவுகளை வகை பிரித்து வைக்கிறார்கள். பாதுகாப்பற்ற உணவை விற்றால் சிறைத் தண்டனை வரை உண்டு. விவரச்சீட்டுக் குறைபாடு மாவட்ட வருவாய் அலுவலர் முன்பு அபராதத்தோடு முடிகிற விஷயம். 1954ஆம் ஆண்டுக் கலப்படத் தடைச் சட்டம் இருந்த காலத்தோடு ஒப்பிட்டால் இது முன்னேற்றமே. ஒரு துறையால் வகை பிரித்துக் கணக்கு வைக்க முடிகிறதென்றால் மற்றத் துறைகளாலும் முடியும். ஆனால் இந்த மூன்றையும் கூட்டி 'இத்தனை மாதிரிகளில் கலப்படம்' என்று மேடையிலும் செய்தியிலும் சொல்லும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். வேறு பானையின் சோற்றை எடுத்துப் பார்த்துவிட்டு இந்தப் பானைக்குத் தீர்ப்பு சொல்லலாமா?

நம்மில் கள்ளத் தராசு வைத்திருப்பவர் எவருமே இல்லை என்று நாம் வாதாடவில்லை. இருக்கிறார்கள். அவர்களால் முதலில் அடிபடுவது வாங்குகிறவர். அடுத்து அடிபடுவது நேர்மையாக விற்கும் பக்கத்துக் கடைக்காரர். கிலோவுக்கு 50 கிராம் குறைப்பவன் நூறு கிலோ விற்றால் ஐந்து கிலோ சரக்கை மிச்சம் பிடிக்கிறான். அந்தத் துணிச்சலில் நம்மைவிட விலையைக் குறைத்து எழுதிப் பலகை வைக்கிறான். சரியான எடை போடுபவர் 'விலை அதிகம்' என்று பெயர் வாங்குகிறார். உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்தே ஆக வேண்டும். அவன் பெயர் தனியாகப் பதிவாக வேண்டும் என்று கேட்பதில் நமக்குத்தான் அக்கறை அதிகம். எல்லாரையும் ஒரே கணக்கில் சேர்த்தால் அவனுக்கு ஒளிந்துகொள்ள வசதி கிடைக்கிறது. நமக்கு அவப்பெயர் கிடைக்கிறது.

இதுவரை சொன்னது நம்மீது எழுதப்படும் பதிவைப் பற்றி. நாம் ஏமாறும்போது எழுதப்படாமல் போகும் பதிவு இன்னொன்று இருக்கிறது.

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, மறுவிற்பனைக்காகப் பொருள் வாங்குபவர் நுகர்வோர் அல்லர். ஐம்பது கிலோ என்று எழுதிய மூட்டை நாற்பத்தெட்டரைக் கிலோ நின்றாலும் நுகர்வோர் ஆணையத்தின் கதவு நமக்காகத் திறக்காது. ஏமாந்த நுகர்வோர் கணக்கில் நமக்கு இடமே இல்லை.

அப்படியானால் நமக்கு மிச்சம் இருப்பது காவல் நிலையம். அங்கே போனால், "இது கொடுக்கல் வாங்கல் தகராறு, கோர்ட்டுக்குப் போங்கள்" என்ற பதில் கிடைப்பதை நம்மில் பலர் அனுபவித்திருக்கிறோம். பிடியாணை இல்லாமல் கைது செய்யத்தக்க குற்றம் என்று புகாரில் தெரிந்தால் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்தே ஆக வேண்டும் என்று 2013இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் வணிகம் சார்ந்த குற்றங்களில் முதற்கட்ட விசாரணை செய்யலாம் என்று அதே தீர்ப்பு இடமும் கொடுத்தது. அந்த விசாரணை பல நேரங்களில் சி.எஸ்.ஆர். ரசீதோடு நின்றுவிடுகிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் வெளியிடும் அறிக்கை, பதிவான வழக்குகளை மட்டுமே எண்ணுகிறது. அதிலும் ஒரே வழக்கில் பல குற்றங்கள் இருந்தால் கடுமையான ஒன்று மட்டுமே கணக்கில் ஏறும். ரசீதோடு நின்ற புகார் அந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கத்திலும் வராது.

இன்று நம் கல்லாவில் நடப்பதைப் பாருங்கள். கூட்ட நேரத்தில் ஒருவர் கைபேசியில் 'பணம் செலுத்தப்பட்டது' என்று போலித் திரையைக் காட்டிவிட்டு எண்ணெய் டின்னைத் தூக்கிக்கொண்டு போகிறார். இரவில் யாரோ நம் கியூஆர் அட்டைமேல் தங்கள் அட்டையை ஒட்டிவிட்டுப் போகிறார்கள். மறுநாள் வசூல் அவர்கள் கணக்குக்குப் போகிறது. முதலாவது ஏமாற்று, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆம் பிரிவில் வரும். அதற்குக் காவல் நிலையத்தில் எழுத்துமூலம் புகார் கொடுக்க வேண்டும். இரண்டாவதில் பணம் வேறு கணக்குக்குப் போயிருப்பதால் அந்த நிமிடமே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். நாமோ, "முந்நூறு ரூபாய்க்கு ஸ்டேஷன் வாசலில் நிற்பதா" என்று விட்டுவிடுகிறோம். அவன் அடுத்த தெருவுக்குப் போகிறான். அடுத்த தெருக்காரரும் விட்டுவிடுகிறார். கடைசியில், வணிகர் யாரும் ஏமாறவே இல்லை என்று அரசுக் கணக்கு சொல்கிறது. அந்தப் பொய்க் கணக்கை எழுதியதில் நமக்கும் பங்கு உண்டு.

ஆகவே அரசிடம் நாம் கேட்பவை மூன்று. முதலாவது, ஆய்வு அறிக்கைகளில் முத்திரைத் தவறு, பொட்டல விவரக் குறை, அதிக விலை, குறைந்த எடை ஆகியவற்றைத் தனித்தனி எண்ணிக்கையாக வெளியிட வேண்டும். இரண்டாவது, குற்றம் சாட்டியதை அறிவிப்பது போலவே முடிவையும் அறிவிக்க வேண்டும். உணவுப் பகுப்பாய்வாளர் அறிக்கைமீது முப்பது நாட்களுக்குள் மேல்முறையீடு செய்ய வழி இருக்கிறது. மேல்முறையீட்டில் மாதிரி சரி என்று வந்தால் அதுவும் அதே பட்டியலில் ஏற வேண்டாமா? மூன்றாவது, வணிகர் ஏமாற்றப்பட்ட புகார்களுக்குக் காவல் துறையின் கணக்கில் ஒரு தனிப் பத்தி வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, கேட்காமலேயே தகவல்களை வெளியிட வேண்டும் என்று 2005 முதல் சொல்லி வருகிறது. நாம் கேட்பது சலுகை அன்று.

நம் பங்குக்குச் செய்ய வேண்டியதும் உண்டு. மின்னணுத் தராசுக்கு ஆண்டுக்கு ஒரு முறை, எடைக்கற்களுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மறுமுத்திரை. அந்தத் தேதியை முதல் பக்கத்திலேயே எழுதித்தான் புதுக்கணக்கைத் தொடங்க வேண்டும். கொள்முதல் பில் இல்லாமல் சரக்கு இறக்கக் கூடாது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அந்த பில்லே உத்தரவாதமாகக் கருதப்படுகிறது. ஏமாந்த தொகை சிறிதானாலும் புகார் எழுதி, ரசீது வாங்கி, அதன் நகலைச் சங்கத்தில் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு கிளையிலும் ஒரு நோட்டு வைத்துத் தேதி, நடந்தது, தொகை, புகார் எண், முடிவு என்று எழுதி வந்தால், அடுத்த முறை அதிகாரிகள் முன் அமரும்போது வெறும் குறையோடு போக மாட்டோம், கணக்கோடு போவோம்.

கணக்கைக் கண்டு அஞ்சுகிறவன் வணிகன் ஆக முடியாது. வரவு வேறு, செலவு வேறு என்று எழுதத் தெரிந்தவர்கள் நாம். அரசும் முரண்பாடு வேறு, மோசடி வேறு என்று எழுதட்டும். அந்த அம்மாள் கேட்ட கேள்விக்கு நம் அண்ணாச்சி தலை நிமிர்ந்து பதில் சொல்ல அந்த ஒரு பத்தி போதும்.