பேத்திக்கு ஆண்டாள் என்று பெயர்



வ. புதுப்பட்டியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். மகனுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறதாம். ஆண்டாள் என்று பெயர் வைக்கப் பாட்டிக்கு ஆசை. "அத்தை, பள்ளிக்கூடத்துல பிள்ளைகள் கேலி பண்ணும்" என்கிறாராம் மருமகள். நாங்கள் என்ன சொல்கிறோம் என்று கேட்டிருக்கிறார். ஆண்டாளின் பிறந்த நாளான ஆடிப்பூரம் வரும் மாதம் என்பதால், இந்தப் பக்கத்தை அவருக்கே பதிலாக எழுதுகிறேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர் நந்தவனத்தில் துளசிச் செடியடியில் கண்டெடுத்த குழந்தைக்குப் பெரியாழ்வார் வைத்த பெயர் கோதை. கோதை என்றால் மாலை. பூ கட்டிப் பெருமாளுக்குக் கொடுப்பதையே வாழ்க்கையாக வைத்திருந்தவர் மகளை வேறெப்படிக் கூப்பிடுவார்? அந்த ஊர்ப் பெருமாள் வடபத்ரசாயிக்கு வைத்திருந்த மாலையை அவள் முதலில் தான் சூடி அழகு பார்த்தாள். தந்தை பதறினார். அவள் சூடியதே தனக்கு வேண்டும் என்றான் பெருமாள். அதன் பிறகே அவள் ஆண்டாள் ஆனாள். கோதை அப்பா வைத்த பெயர்; ஆண்டாள் அவளே சம்பாதித்த பெயர். அவள் பாடிய திருப்பாவைப் பாசுரங்கள் 30, நாச்சியார் திருமொழியில் 143.

இது வெறும் பழங்கதையாக நின்றுவிடவில்லை. அவள் சூடிக் களைந்த மாலை இன்றும் புரட்டாசி பிரம்மோற்சவத்துக்குத் திருப்பதி போகிறது. சித்திரையில் அழகர் அதை அணிந்துதான் வைகையில் இறங்குகிறார். அவள் இடது கையிலிருக்கும் கிளியைத் தினமும் புதிதாகச் செய்கிறார்கள். மரவள்ளி இலையில் உடம்பு, மாதுளம்பூவில் மூக்கு. சாயங்காலம் சாத்த வேண்டிய ஒரு கிளிக்குப் பல மணி நேர வேலை இருக்கிறது.

தமிழ் தாண்டியும் அந்தப் பெயர் போயிருக்கிறது. 1509 முதல் 1529 வரை ஆண்ட கிருஷ்ணதேவராயர் அவள் கதையைத் தெலுங்கில் 'ஆமுக்த மால்யதா' என்று காவியமாக்கினார். சூடிக் கொடுத்தவள் என்பதுதான் அந்தத் தலைப்பும். தெலுங்குக்காரர்களுக்கு அவள் கோதாதேவி. வீட்டில் தெலுங்கு பேசும் ராஜபாளையத்துக் குடும்பங்களுக்கும், தமிழ் பேசும் வத்திராயிருப்புக் குடும்பங்களுக்கும் அவள் ஒரே மகள்தான்.

இன்னொரு கோதையையும் இந்தப் பக்கத்தில் நினைக்க வேண்டும். 1901-ல் பிறந்த வை.மு. கோதைநாயகி அம்மாளுக்குப் பால்ய வயதிலேயே கல்யாணம் ஆகிவிட்டது. பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனாலும் 115 நாவல்கள் எழுதினார். 1925 முதல் 'ஜகன்மோகினி' இதழை நடத்தினார். சுதந்திரப் போராட்டத்தில் சிறைக்கும் போனார். பெண்கள் இதழ் நடத்துவதே அபூர்வமாக இருந்த காலம் அது. ஆசிரியர் நாற்காலியில் உட்காரும் ஒவ்வொருவரும் அவரைக் கும்பிட்டுவிட்டுத்தான் உட்கார வேண்டும்.

மாலையின் பெயரைப் பெண்ணுக்கு வைப்பது நம் ஊர் வழக்கம் மட்டும் இல்லை. ஸ்பெயின் நாட்டில் ரொசாரியோ என்று பெண்களுக்குப் பெயர் உண்டு. செல்லமாகச் சாரோ என்பார்கள். ரோஜாத் தோட்டம், ரோஜா மாலை என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்து, செபமாலைக்கும் செபமாலை மாதாவுக்கும் ஆகிவந்த பெயர். அக்டோபர் 7 அந்த மாதாவின் திருநாள். நம் தென்மாவட்டக் கத்தோலிக்க வீடுகளில் ஜெபமாலை என்று கூப்பிடுகிறார்களே, அதுவும் இதுவும் ஒரே மாலைதான். இன்று ஸ்பெயினிலும் ரொசாரியோ பெரும்பாலும் பாட்டிமார் பெயராகிவிட்டது. புதுப்பட்டி மருமகளின் தயக்கம் அங்கும் இருக்கத்தான் செய்யும்.

அந்தத் தயக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன். பிள்ளை கேலிக்கு ஆளாகக் கூடாது என்று தாய் நினைப்பது பாசம். அம்மா, உங்கள் மருமகளிடம் வாதாட வேண்டாம். ஒரு நாள் குழந்தையோடு அவரை ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கூட்டிப் போங்கள். நந்தவனத்தைக் காட்டுங்கள். கிளியைக் காட்டுங்கள். பதின்பருவத்துப் பெண் ஒருத்தி, தனக்கு யார் வேண்டும் என்பதைத் தானே தீர்மானித்து, ஊரறியப் பாடினாள் என்று சொல்லுங்கள். இதைவிடத் துணிச்சலான பெயர் எந்தப் பெயர்ப் புத்தகத்திலும் கிடைக்காது. அவருக்குப் பிடித்த புதுப் பெயரையும் சேர்த்தே வையுங்கள். பிள்ளைக்கு இரண்டு பெயர் இருந்தால் என்ன? ஆண்டாளுக்கே இரண்டு பெயர்தானே! ஆனால் எதை வைத்தாலும் அதன் கதையைப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுங்கள். கதை தெரிந்த பிள்ளை கேலிக்கு அஞ்சாது. "எங்க ஊர் ஆண்டாள் பேரு" என்று நிமிர்ந்து சொல்லும்.

வாசகர்களே, உங்கள் வீட்டிலும் ஒரு பெயருக்குக் கதை இருக்கும். அம்மாச்சியின் பெயரோ, அப்பத்தாவின் பெயரோ, யார் வைத்தார்கள், ஏன் வைத்தார்கள் என்று விசாரித்து எழுதி அனுப்புங்கள். சொல்ல ஆள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள். அடுத்த இதழில் இந்தப் பக்கத்தை உங்கள் கடிதங்களுக்கே தருகிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்